மச்சம் மாறிய படம்

வங்கியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கையெழுத்துச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பிறந்தநாள் வாழ்த்து அட்டை கொடுத்தால்கூட, முதலில் அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வாழ்த்தைப் படிப்பாள் என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்வார். கிண்டல் பாதி, நிஜம் பாதி.

அன்று செவ்வாய்க்கிழமை. வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெரிய பழுப்பு உறை வந்தது. அப்பா முப்பது வருஷம் விஞ்ஞானக் கதை எழுதிய வாரப் பத்திரிகையிலிருந்து. அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. அவருக்கு ஒரு நினைவு இதழ் போடுகிறார்கள். வாசகர்கள் இன்றைக்கும் மறக்காத 'தூரம் போன அம்மா' கதையின் ஐந்து அத்தியாயங்களையும் மறுபடி அச்சிடுகிறார்கள். கூடவே அந்தக் கதையின் கடைசிக் கையெழுத்துப் பக்கத்தைப் படமாகப் போட்டு, கீழே 'எழுத்தாளரின் சொந்தக் கையெழுத்தில்' என்று ஒரு வரி. பக்கத்தின் நகலும் ஒப்புதல் படிவமும் உறைக்குள் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

செருப்பை மாட்டிக்கொண்டே நகலைப் பார்த்தாள். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாவின் 'ழ' அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். வால் சுருண்டு, அடுத்த வரியின் தலையில் போய் இடிக்கும். அச்சுக் கோப்பவர்கள் அந்த வாலைத் திட்டாத நாள் இல்லை என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். இந்தப் பக்கத்தில் இருந்த 'ழ' எல்லாம் வாலை வரிக்குள்ளேயே அடக்கிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்பா எழுதினால் இடப்பக்கம் சாயும்.

கைப்பையிலிருந்து நிஜப் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பக்கத்தின் வலது மேல் மூலையில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம். காகிதத்தின் பழுப்பு நிறமும் கோடுகளும் அந்த இடத்தில் மட்டும் இல்லை. நகல் எடுக்கும்போது யாரோ அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்திருக்கிறார்கள். இரண்டாவது, கடைசி வரி. அந்தக் கதையைப் படித்தவர்கள் எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் வரி:

'கண்ணாடிக்குள்ளே என் அம்மா. வெளியே, வலிக்காமல் தலை வாரிவிடும் ஒருத்தி. எனக்கு ரெண்டு பேரும் வேண்டும்.'

'எனக்கு ரெண்டு பேரும் வேண்டும்' என்பது ஓர் அடித்தலுக்கு மேலே எழுதப்பட்டிருந்தது. அடித்தலுக்கு அடியில் முதலில் என்ன எழுதியிருந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதானே அவள் வேலை. 'எனக்கு யார் வேண்டும் என்று தெரியவில்லை.'

அன்று வங்கிக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் தாமதமாகப் போனதில்லை என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். அன்றைக்குப் போகவே இல்லை என்று திருத்தினாள்.

*

இதில் அவள் பதற என்ன இருக்கிறது? இருக்கிறது.

கதை இதுதான். எட்டு வயதுப் பெண் ஒருத்தி. அவள் அம்மா விண்கலத்தில் வேலைக்குப் போகிறாள். வானத்தில் ஒரு மடிப்பு, அதற்குள் நுழைந்தால் தூரம் குறையும். மடிப்பு வழியாக அம்மா திரும்பி வருகிறாள். ஆனால் இடது கன்னத்தில் இருந்த மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருக்கிறது. மடிப்புக்குள் போய் வந்தால் ஆள் இடவலம் மாறிவிடுவது சகஜம், இவள் அதே அம்மாதான் என்று விஞ்ஞானிகள் அடித்துச் சொல்கிறார்கள். பெண் நம்பவில்லை. வந்தவளை ஒவ்வொரு நாளும் சந்தேகத்தோடு பார்க்கிறாள். ஒருநாள் கண்ணாடி முன் உட்கார்த்தி அவள் தலை வாரும்போது, கண்ணாடியில் மச்சம் பழைய இடத்தில் தெரிகிறது. அன்றிலிருந்து பெண் அவளைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கிறாள்.

இது பூதக்கண்ணாடியின் சொந்தக் கதை. வானமும் மடிப்பும்தான் இல்லை. அவளுக்கு ஆறு வயதில் அம்மா இறந்துபோனாள். ஏழு வயதில் அம்மாவின் தங்கையை அப்பா கல்யாணம் செய்துகொண்டார். அக்கா தங்கைக்கு ஒரே முகம். கன்னத்து மச்சம்கூட ஒரே மாதிரி; ஆனால் அக்காவுக்கு இடது கன்னம், தங்கைக்கு வலது. சித்தி தலை வாரும்போது கண்ணாடியில் அம்மா தெரிவாள். அதனால் குட்டிப் பெண் கண்ணாடியையே பார்ப்பாள். திரும்ப மாட்டாள். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்பா எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிற மனிதர். பெண் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று விருந்தாளி கேட்டால் சித்தியின் முகத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கதையில் கண்ணாடி வந்தபோது, எட்டு வயதுப் பெண் வாரப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாத்திய கதவுக்குள் இருந்தபடியே அப்பா தன்னைப் பார்த்திருக்கிறார். யாருக்கும் தெரியாது என்று நினைத்ததை அவர் தெரிந்துவைத்திருக்கிறார். நாற்பது வருஷமாக அவளிடம் இருக்கும் அப்பா என்பது அந்த ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கம் அப்பா எழுதினதில்லை என்றால்?

அப்பா கூட்டங்களில் பேசுவது நினைவுக்கு வந்தது. மற்ற கதைகளைப் பற்றிக் கேட்டால், நான் எழுதினேன், நான் யோசித்தேன் என்று மார்தட்டுவார். இந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் தண்ணீர் குடிப்பார். "அந்த வரி வந்துச்சுங்க" என்பார். அடக்கம் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். அவளும் தட்டியிருக்கிறாள். இப்போது யோசித்தால், வந்துச்சு சரி, எங்கேயிருந்து வந்துச்சு?

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் பேச்சுக் கொடுத்தாள். சித்திக்கு அறுபத்தாறு வயது. ஒரு காது மந்தம். எந்தக் காது என்பது கேள்வியைப் பொறுத்தது.

அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நினைவு இதழைப் பற்றிச் சொன்னதும் சந்தோஷப்பட்டாள். அவருக்கு இதெல்லாம் பிடிக்கும், இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்றாள். கடைசிக் கையெழுத்துப் பக்கத்தைப் படமாகப் போடுகிறார்கள் என்றதும் கத்தி நின்றது.

"கடைசிப் பக்கத்தையா? முதல் பக்கத்தைப் போடச் சொல்லேன். அதுதானே அம்சமா இருக்கும்."

"முதல் பக்கத்துல என்ன அம்சம்?"

"கதைத் தலைப்பு இருக்குமில்ல" என்றாள் சித்தி. கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

அந்த அத்தியாயத்தை அப்பா எப்போது எழுதினார் என்று கேட்டாள். சித்திக்கு அந்த நிமிஷமே காது மந்தமாகிவிட்டது. இரண்டாம் தடவை உரக்கக் கேட்டதற்கு, அவர் எழுதுவதை யார் பார்த்தார்கள், கதவைத்தான் பார்த்தோம் என்று பதில் வந்தது. கையெழுத்தைப் போட்டு அனுப்பு, நல்ல காரியத்தில் நொட்டை கண்டுபிடிக்காதே என்று ஒரு அதட்டலும் கூடவே வந்தது. பீன்ஸ் துண்டுகள் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகக் கிடந்தன. சித்தி நறுக்கினால் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

பூதக்கண்ணாடி அப்பாவின் அறைக்குப் போனாள்.

அப்பா எழுதியதற்கெல்லாம் கார்பன் பிரதி வைத்திருப்பார். கதைக்கு ஒரு கோப்பு. அலமாரி முழுக்க நாலு மாதத் தூசி. 'தூரம் போன அம்மா' கோப்பின்மேல் மட்டும் தூசி இல்லை. சமீபத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள். அலமாரிச் சாவி சித்தியின் இடுப்பில்தான் இருக்கும். பூதக்கண்ணாடியே இப்போது சித்தியிடம் கேட்டு வாங்கித்தான் திறந்திருந்தாள்.

கோப்புக்குள் நாலு அத்தியாயங்களின் கார்பன் பிரதி இருந்தது. ஐந்தாவதற்குப் பிரதி இல்லை. பதிலாகப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த அச்சுப் பக்கம். அதற்கும் அடியில், அப்பா கதை தொடங்கும் முன் போட்ட திட்டக் குறிப்பு. ஐந்தாம் அத்தியாயத்துக்கு நேராக, வால் சுருண்ட 'ழ'வோடு, இப்படி இருந்தது: 'தரையிறக்கம். மக்கள் வெள்ளம். வாழ்த்து முழக்கம். தாயும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள். சுபம்.'

மச்சம் இல்லை. கண்ணாடி இல்லை. மாறிப் போன அம்மாவே இல்லை.

நாலாம் அத்தியாயத்தின் அச்சுப் பக்கமும் இருந்தது. அதில் விண்கலச் சன்னல் அருகே அம்மாவின் படம். மச்சம் வலது கன்னத்தில். அதைச் சுற்றி அப்பா பென்சிலால் காகிதம் கிழியும் அளவுக்கு வட்டம் போட்டு, பக்கத்தில் 'கழுதைகள்' என்று எழுதியிருந்தார்.

முதல் மூன்று அத்தியாயப் படங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் மச்சம் இடது கன்னத்தில். ஆக, மச்சம் இடம் மாறியது அப்பாவுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. தெரிந்ததும் கொதித்திருக்கிறார். கொதித்தவர், அதையே எடுத்து அழகான முடிவாக எழுதுவாரா? எழுதியவர் வேறு யாரோ. அந்த யாரோவுக்கு, ஒரு வீட்டுக்குள் ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் யாரைப் பார்த்தாள் என்பது தெரிந்திருக்கிறது. அந்த எண்ணம் அவள் முதுகில் ஊர்ந்தது.

*

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். படிவத்தைக் கொண்டுவரச் சொல்லிப் புது ஆசிரியை காலையிலேயே இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். பக்கம் காத்திருக்கிறதாம்.

ஆனால் பூதக்கண்ணாடி தேடிப் போனது புது ஆசிரியையை இல்லை. உறையின்மேல் விலாசம் எழுதியிருந்த ஆளை. அந்த விலாசத்தில் இருந்த 'ழ'வும், நகலில் இருந்த 'ழ'வும் ஒரே கை. மை மட்டும்தான் நாற்பது வருஷ வித்தியாசம்.

உறையைக் காட்டிக் கேட்டதும், கத்தரி சார் எழுத்து என்றார்கள். அவரை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பழைய உதவி ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் நாலு நாள் வந்து பழைய இதழ்களைப் பார்த்துக்கொள்கிறார். எவ்வளவு பெரிய எழுத்தாளரின் கதையாக இருந்தாலும் பக்கத்துக்கு அதிகமானால் கூசாமல் வெட்டுவார் என்பதால் கத்தரி. மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஓர் அறை. அறை என்றால் மூன்று பக்கம் பழைய இதழ்க் கட்டு, நாலாவது பக்கம் கத்தரி சார்.

அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அவள் உட்காரவில்லை. நகலை மேஜையில் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்து."

"ஆமாம்மா" என்றார்.

மறுப்பார், மழுப்புவார், அதற்கெல்லாம் வார்த்தை தயார் செய்துகொண்டு வந்திருந்தவளுக்குப் படியில் ஒரு படி குறைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் கதை முடிவை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் தடித்தது. எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்கு யார் சொன்னது, அப்பா செத்த பிறகு இதைக் காட்டி என்ன வாங்கப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டுவிட்டாள்.

கத்தரி சார் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டது நான், எழுதினது நான் இல்லை என்றார். நானாவது எழுதுவதாவது, எனக்கு வெட்டத்தான் தெரியும் என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, அசல் பக்கத்தை எடுத்து அவள் முன்னே வைத்தார். நகலில் மறைக்கப்பட்டிருந்த வலது மேல் மூலை இப்போது திறந்திருந்தது. அங்கே ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'போ'. அதற்குக் கீழே, 'வீட்டம்மா. காலை 11.10.'

அலுவலகத்தில் அது ஒரு வழக்கமாம். போனில் சொல்லி எழுதிக்கொள்ளும் எதற்கும் மூலையில் 'போ' போட்டு, சொன்னவர் யார், நேரம் என்ன என்று குறித்துவிட வேண்டும். பின்னால் நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு.

அதன்பிறகு அவர் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள். பாதியில் எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் படத்தை ஃபிலிம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஃபிலிமைப் புரட்டி ஒட்டினால் படம் இடவலம் மாறிவிடும். நாலாம் அத்தியாயத்துக்கு ஓவியருக்குப் படம் வரைந்து கொடுக்க நேரமில்லை. முதல் அத்தியாயப் படத்தின் ஃபிலிமையே எடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியவர் அவசரத்தில் புரட்டி ஒட்டிவிட்டார். இதழ் கடைக்குப் போன அன்றே அப்பா அலுவலகத்துக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டார். அவ முகத்தையே மாத்திட்டீங்களேடா என்று கத்தினாராம். மன்னிப்புக் கேட்டு அச்சிடாவிட்டால் கடைசி அத்தியாயம் கிடையாது என்று சொல்லிவிட்டு, யாரோ சிநேகிதர் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டார். அப்போதைய ஆசிரியரும் முறுக்கானவர். கதையை அத்தோடு நிறுத்து, இனிமேல் அந்த ஆள் கதை நம் பத்திரிகையில் வேண்டாம் என்றுவிட்டார். கத்தரி சார்தான் வீட்டுக்கு ஆளனுப்பிச் சொன்னார், நாளை மதியத்துக்குள் அத்தியாயம் வராவிட்டால் அவ்வளவுதான் என்று.

மறுநாள் காலை பதினொன்று பத்துக்கு போன் வந்தது. தெருமுனை மருந்துக்கடையிலிருந்து. அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், படிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் குரல்.

"படிக்கிறாங்கன்னுதாம்மா நானும் நினைச்சேன், கடைசி வரி வரைக்கும். அந்த நேரம் பார்த்து லைன்ல இரைச்சல். எழுதிட்டேன், சரிபார்க்க இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். பேப்பரைப் பார்த்துப் படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? அதையேதான் படிப்பாங்க. அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் வேற வரி சொன்னாங்க."

பூதக்கண்ணாடி அசலில் அந்த அடித்தலைப் பார்த்தாள். யார் வேண்டும் என்று தெரியவில்லை. அடித்துவிட்டு, ரெண்டு பேரும் வேண்டும்.

"அப்ப புரிஞ்சுது எனக்கு. போனை வைக்கறதுக்கு முன்னாடி, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நாற்பது வருஷம் காப்பாத்திட்டேன்."

அப்படியென்றால் இந்தப் பக்கத்தை எதற்காகப் படம் பிடித்துப் போட வேண்டும், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். சந்தேகம் அவளை அவ்வளவு சுலபத்தில் விடாது. கத்தரி சார் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். புது ஆசிரியை கடைசிப் பக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாளாம். அவளுக்கு அப்பாவின் கையெழுத்துத் தெரியாது. தொலைந்துவிட்டது என்ற வார்த்தை தன் வாய்வரைக்கும் வந்ததாம்.

"நான் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். மூலையை மறைச்சுட்டேன், சத்தியம் அப்படியே இருக்கு. ஆனா நகலை உங்களுக்கு அனுப்பக் கூடாதுன்னு சத்தியம் பண்ணலையே. உங்களுக்கு வங்கியில என்ன பேருன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

*

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குள் ஒரு விசாரணை நடந்தது. கூண்டில் மாறி மாறி ஆட்கள். அப்பா திருடினாரா? தெரிந்தே கை தட்டல் வாங்கிக்கொண்டாரா? சித்தி ஏன் மறைத்தாள்? அப்பாவுக்காகவா, இல்லை வேறு ஏதாவதா? கோப்பின்மேல் தூசி ஏன் இல்லை?

சித்தி ஹாலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி சுற்றி வளைக்கவில்லை. அசல் பக்கத்தை இஸ்திரி மேஜையில், மடித்த தலையணை உறையின்மேல் வைத்தாள். கத்தரி சார் கொடுத்தனுப்பியிருந்தார்.

சித்தி மூலையைப் பார்த்தாள். 'வீட்டம்மா' என்ற எழுத்தின்மேல் விரல் வைத்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்தாள்.

"அந்த மனுஷன் சொல்லிட்டானா?"

"சொல்லலை. நான் கண்டுபிடிச்சேன். கோப்பை எடுத்தது நீங்கதானே? எதையாவது கிழிச்சுப் போட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து அந்த நாலாம் அத்தியாயப் படத்தைப் பார்ப்பதாகச் சொன்னாள். கழுதைகள் என்று எழுதியிருக்கிறதே, அந்தப் படத்தை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

சித்தி பக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையணை உறையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"அவர் உங்கம்மாவைத்தான் வரையச் சொன்னார். வாரா வாரம் அக்கா முகம் வரும். நானும் பார்ப்பேன், வயித்தெரிச்சல்னு சொல்ல முடியாது, ஒரு மாதிரி இருக்கும். அந்த வாரம் மச்சம் மாறி வந்துச்சு. அவர் குதிக்கிறார், முகமே போச்சுங்கறார். எல்லாரும் தப்புன்னு சொன்ன அந்தப் படத்துல நான் இருந்தேன்."

ஆசிரியர் கதையை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது அவளுக்குப் பயம்தான் முதலில் வந்ததாம். எழுத இடம் இல்லாவிட்டால் அவர் ஆளே உடைந்துபோவார். அப்புறம்தான் துணிச்சல். பள்ளிக்கூடத்துக்குப் பெண்ணை அனுப்பிவிட்டு, அவளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாளாம். எழுதினாள் என்ன, காலையில் தலை வாரும்போது பார்த்ததை எழுதினாள்.

"கண்ணாடியில உனக்கு உங்கம்மா தெரியறது எனக்குத் தெரியாதா?" என்றாள் சித்தி. "தினம் பார்ப்பேனே. பின்னல் போட்டு முடிக்கற வரைக்கும் கண்ணாடியையே பார்ப்பே. ரிப்பன் கட்டினதும் திரும்பிக்கூடப் பார்க்காம எழுந்து ஓடுவே. நான் கண்ணாடியை வேற சுவத்துக்கு மாத்தலாமான்னுகூட யோசிச்சேன். மனசு வரலை. அதுலயாவது நீ என்னைப் பார்க்கறியேன்னு."

பார்த்தது அப்பா இல்லை.

நாற்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த ஒன்று அந்த இடத்தில் கை நழுவிப் போனது. அதை எடுத்துக்கொண்ட கை எது என்பதும் தெரிந்தது. பூதக்கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வர வேண்டும். யார்மேல் என்று தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்தவர் பேருந்து நிலையக் கடையிலேயே இதழை வாங்கிப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு, படம் சரியாத்தான் இருக்குன்னு அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் அவர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவளும் கேட்கவில்லை.

"அதுக்கு என்ன அர்த்தம், சித்தி? ஒத்துக்கிட்டாரா, அமுக்கிக்கிட்டாரா?"

"எனக்கும் தெரியலை. சில நாள் அப்படித் தோணும், சில நாள் இப்படி."

பூதக்கண்ணாடி யோசித்துப் பார்த்தாள். வந்துச்சு வந்துச்சு என்று மேடைக்கு மேடை சொன்னவர், யார் கொண்டுவந்தது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவில்லை, நிஜத்தையும் சொல்லவில்லை. அவள் மேஜையில் இந்த மாதிரிக் கையெழுத்து வந்தால் சரி என்றும் போட முடியாது, தவறு என்றும் போட முடியாது. தனியே எடுத்து வைப்பார்கள். அப்பாவைத் தனியே எடுத்து வைத்தாள்.

ஒன்றுதான் இன்னும் கேட்க வேண்டியிருந்தது. போனில் கடைசி வரியை ஏன் மாற்றினாள்? சித்தி சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"முதல்ல சொன்னது நான் பார்த்தது. ரெண்டாவது சொன்னது நான் ஆசைப்பட்டது."

இஸ்திரிப் பெட்டி ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது.

பூதக்கண்ணாடி கைப்பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தாள். 'எழுத்தாளரின் சொந்தக் கையெழுத்தில்' என்ற வரியை, வங்கியில் அடிக்கிற மாதிரியே, அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். மேலே எழுதினாள்: 'கடைசி அத்தியாயத்தைத் தொலைபேசியில் சொன்னவர், எழுத்தாளரின் மனைவி. எழுதிக்கொண்டவர், உதவி ஆசிரியர். பக்கத்தின் மூலையை மறைக்காமல் அச்சிட வேண்டும்.'

சித்தி கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டுப் பதறினாள். அவர் பேர் என்ன ஆகும், செத்த மனுஷனைப் போய் என்றெல்லாம் சொன்னாள். அவர் எழுதின நாலு அத்தியாயம் நாலு அத்தியாயமாகவே இருக்கும், அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றாள் மகள். பொய்யான வரியில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, அதற்குத்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் என்றாள். அத்தியாயம் உங்களுடையது, கீழே நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் நானும் போட மாட்டேன், பக்கம் வெறுமனே வரட்டும், அந்த ஆசிரியை வந்து உங்களிடமே கேட்கட்டும் என்றும் மிரட்டினாள்.

சித்திக்கு இந்தத் தடவை இரண்டு காதும் நன்றாகக் கேட்டன. பேனாவை வாங்கினாள். படிவத்தின் கீழே, தன் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதிவிட்டு, பரீட்சைத் தாளை நீட்டுகிற மாதிரி நீட்டினாள்.

"சரியா இருக்கா பாரு. நீதான் பெரிய கையெழுத்து நிபுணியாச்சே."

பூதக்கண்ணாடி படிவத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். வலது கன்னத்தில், சுருக்கத்துக்குள் பாதி ஒளிந்துகொண்டு, மச்சம். நாற்பது வருஷத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"எதோட ஒப்பிட்டுச் சொல்றது? உன்னோட மாதிரிக் கையெழுத்து எங்கிட்ட இல்லையே" என்றாள். படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெற்றிடத்தைக் காட்டினாள். "இங்க இன்னொரு தடவை போடு. மெதுவா. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."